எல்லைக்கோடும் கோல்காவலரும்

எல்லையோரத்தில் வளர்ந்தவனுக்குக் கோடு என்றால் இன்னதென்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாறசாலையிலிருந்து புறப்பட்டுச் சற்று நேரம் நடந்தால் களியக்காவிளை வந்துவிடும். இடையில் எங்கோ கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. மண்ணின் நிறம் மாறுவதில்லை. மரச்சீனித் தோட்டமும் வாழைத் தோப்பும் மாறுவதில்லை. கடைப்பலகையின் எழுத்துதான் மாறுகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அவற்றோடு சேர்த்துத் தமிழர் கேட்ட நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. பிழைப்பைத் தேடி வந்து அவ்வட்டத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவன் நான்.

ஆயினும், நண்பர்களே, நான் இங்கு எழுத வந்தது மாநில எல்லையைப் பற்றியன்று. கால்பந்து மைதானத்தில் கோலிலிருந்து 18 கஜ தூரத்தில் சுண்ணாம்பால் இழுத்திருக்கிறார்களே, அந்தக் கோட்டைப் பற்றி. அக்கோடு கோல்காவலரின் கைகளுக்கு எல்லையாக வந்து நின்றதற்குப் பெருங்காரணமாயிருந்த ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பற்றி. அவரை நான் தேடிப் போனதற்கு என் வாழ்வில் நடந்த ஒரு சிறு செயலே காரணம். ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வட்டத்தின் தென்கோடியில், கடலும் எல்லையும் சேரும் இடத்தில், பொழியூர் இருக்கிறது. சந்தோஷ் கோப்பைப் போட்டிகளுக்கு ஆட்டக்காரர்களை அனுப்பிக்கொண்டேயிருக்கும் மீனவர் ஊர் அது. அவ்வூரின் பெயரைக் கேட்டு வளர்ந்த சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்குப் பந்து என்றால் கால்பந்துதான். நானும் ஆடினேன். உயரமாக இருந்ததால் என்னைக் கோலில் நிறுத்தினார்கள். பதினேழாம் வயதில் ஊர்களுக்கிடையே நடந்த ஒரு போட்டியின் கடைசி ஆட்டத்தில் கோல்காவலனாக நின்றேன். கமுகு மரத்தில் கம்பங்கள். பழைய மீன்வலையில் கோல்வலை. காலையில் பெய்த மழையில் சுண்ணாம்புக் கோடு பாதி கரைந்திருந்தது. நானோ ஆட்டம் தொடங்குமுன்பே அடி எண்ணி, பெட்டியின் விளிம்புக்கு நேராகப் பக்கத்தில் ஒரு தென்னை நிற்பதைக் குறித்து வைத்திருந்தேன்.

இரு பக்கமும் கோல் இல்லாமல் ஆட்டம் முடியப்போகும் நேரம். உயர வந்த பந்தை ஓடிப்போய் இரு கைகளாலும் பிடித்தேன். பிடித்த மறுகணம் பார்த்தால் தென்னை எனக்குப் பின்னால் நிற்கிறது! இரண்டடி வெளியே வந்துவிட்டேன். நடுவர் தொலைவில் இருந்தார். சிந்திக்காமல் ஓங்கி உதைத்தேன். கடற்காற்றில் ஏறிய பந்து எதிர்க் கோலுக்கு முன்னே விழுந்து துள்ளி, அங்கு நின்ற கோல்காவலனின் தலைக்கு மேலாகப் பறந்து வலைக்குள் போயிற்று. எதிரணியார் முறையிட்டனர். நடுவர் என்னிடம் வந்து எங்கே பிடித்தாய் என்று கேட்டார். நான் கோட்டுக்கு உள்ளே ஓரிடத்தைக் காட்டினேன். கோப்பை எங்கள் ஊருக்கு வந்தது. என்னைத் தோளில் தூக்கி வந்தார்கள்.

பின்னர்ப் பல்கலைக்கழகம் வந்து பௌதிகம் படிக்கலானேன். ஒரு விடுமுறைப் பிற்பகலில், கோல்காவலர் பெட்டிக்கு வெளியே பந்தைக் கையால் தொடலாகாது என்று விதித்தவர்தாம் யார் என்று தேடத் தொடங்கினேன். அப்போது எதிர்ப்பட்டவர்தாம் லீ ரிச்மண்ட் ரூஸ்.

ஆற்றங்கரைச் சிறுவன்

ரூஸ் 1877ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் வேல்ஸ் நாட்டில், ரெக்சம் நகருக்கு அருகிலுள்ள ஹோல்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் அமைந்திருக்கும் இடத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. டீ என்னும் ஆற்றின் இக்கரையில் ஹோல்ட், அது வேல்ஸ். அக்கரையில் பார்ண்டன், அது இங்கிலாந்து. இடையே ஒரு பழைய கற்பாலம். ஆக, அவரும் நம்மைப் போல் எல்லையோரத்துப் பிள்ளையே!

தந்தையார் கிறிஸ்துவ சமயப் போதகர். சிறு வயதிலேயே ரூஸ் தாயை இழந்தார். ஊரிலிருந்த ஹோல்ட் அகாடமி என்னும் பள்ளியில் படித்தார். அப்பள்ளியில் 1887இல் சிறிது காலம் ஓர் இளைஞர் ஆசிரியராக இருந்தார். மாணவர்களோடு கால்பந்து ஆடும்போது ஒரு மாணவன் மோதியதில் அவருடைய சிறுநீரகம் நசுங்கி, உயிர் பிழைப்பதே அரிதாயிற்று. அந்த ஆசிரியர்தாம், பின்னாளில் அறிவியற் கற்பனைக் கதைகளால் உலகப் புகழ் பெற்ற எச். ஜி. வெல்ஸ்! அன்றைய கால்பந்து எத்தனை முரட்டு ஆட்டமாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பள்ளிப் படிப்பு முடிந்ததும் ரூஸ் மேற்குக் கடற்கரையிலுள்ள அபரிஸ்ட்வித் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்து விஞ்ஞானம் படித்தார். பகலில் ஆய்வுக்கூடம், மாலையில் மைதானம். அவ்வூர்க் கால்பந்துக் கழகத்தின் கோலில் நின்றார். ஆறடிக்கு மேல் உயரம், அகன்ற தோள், அஞ்சாத நெஞ்சு. 1900இல் வேல்ஸ் கோப்பையின் இறுதியாட்டத்தில் அபரிஸ்ட்வித் அணி பேர்பெற்ற ட்ரூயிட்ஸ் அணியை 3–0 என்று வென்றது. ஆதரவாளர் ரூஸைத் தோளில் சுமந்து சென்றனர். இந்த வரியைப் படித்தபோது என் தோளில் ஏதோ உறுத்தியது. அவரைத் தூக்கியதும் தோள். என்னைத் தூக்கியதும் தோள்தான்!

அதே ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் அயர்லாந்துக்கு எதிராக வேல்ஸ் நாட்டுக்காக முதன்முறை ஆடினார். வேல்ஸ் 2–0 என்று வென்றது. அன்று தொடங்கி 1911 வரை தம் நாட்டுக்காக 24 ஆட்டங்கள் ஆடினார். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆகிய நான்கு நாடுகளும் ஆண்டுதோறும் மோதிக்கொண்ட போட்டியில் 1907இல்தான் வேல்ஸ் முதன்முறையாக முதலிடம் பெற்றது. அந்த அணியில் முன்னே பில்லி மெரடித், பின்னே ரூஸ்.

அன்றைய விதி

ரூஸ் செய்தது இன்னதென்று விளங்க வேண்டுமானால் அன்றைய விதியை அறிந்துகொள்ள வேண்டும். கோல்காவலர் என்று ஒருவர் உண்டு, அவர் தம் கோலைக் காக்கக் கையைப் பயன்படுத்தலாம் என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1871இல் விதி எழுதியது. எவ்விடத்தில் என்று அதில் எல்லை குறிக்கவில்லை. 1887இல் எதிரணியின் பாதியில் கை கூடாது என்று ஆயிற்று. எனினும் தம் பாதி முழுவதும் அவருடைய ஆட்சிதான். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு அடிக்கு மேல் நடக்கக் கூடாது என்ற ஒரு கட்டுப்பாடு மட்டும் இருந்தது.

இரண்டடிக்கு மேல் நடக்கக் கூடாது. ஆனால் பந்தைத் தரையில் தட்டித் தட்டிக்கொண்டே ஓடினால்? அது கையில் வைத்து நடப்பதாகாதே! கூடைப்பந்து ஆட்டக்காரர் ஓடுவதைப் போலத் தட்டிக்கொண்டே நடுக்கோடு வரை ஓடலாம். அங்கிருந்து உதைக்கலாம், எறியலாம். விதியில் இதற்கு எந்தத் தடையும் இல்லை. அப்படியிருந்தும் பெரும்பாலான கோல்காவலர் இதைச் செய்ய அஞ்சினர். ஏனெனில் பந்து வைத்திருக்கும் கோல்காவலரைத் தோளால் மோதித் தள்ள அன்று எதிரணிக்கு உரிமை உண்டு. வழியில் வீழ்ந்தால் பின்னே காவலற்ற கோல் வாய்திறந்து கிடக்கும். ரூஸ் அஞ்சவில்லை. மோத வருபவரை எதிர்த்து மோதவே விரும்பினார். பந்தைத் தட்டியவாறு அவர் நடுக்கோட்டை நோக்கி விரைந்து வருவதைக் காணவே கூட்டம் கூடியது.

இதில் உள்ள கணக்கையும் சற்றுப் பார்க்கலாம். 120 கஜ நீளமும் 80 கஜ அகலமும் உள்ள மைதானத்தை எடுத்துக்கொள்வோம். பாதி மைதானம் 4,800 சதுர கஜம். இன்றைய பெட்டியோ 44 கஜ அகலமும் 18 கஜ நீளமும் உடையது. அதாவது 792 சதுர கஜம். ரூஸ் கைவீசி ஆண்ட நிலத்தில் ஆறில் ஒரு பங்குதான் இன்றைய கோல்காவலருக்கு மிச்சம்! இன்னொன்று. காற்றின் தடையை விட்டுவிட்டால், உதைத்த பந்து போகும் தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். இரு மடங்கு தூரம் போக வேண்டுமானால் ஏறத்தாழ 1.4 மடங்கு வேகம் வேண்டும். தம் கோல் வாயிலிலிருந்து எதிர்க் கோலை எட்டுவது மனிதக் காலுக்கு அரிது. நடுக்கோட்டிலிருந்து எட்டுவதோ வலிய காலுக்கு எளிது. கோலைக் காக்க வந்தவரே கோல் போடவும் வழி திறந்திருந்தது.

அதுவும் நடந்தது. 1900இல் மான்செஸ்டர் சிட்டி அணியின் கோல்காவலர் சார்லி வில்லியம்ஸ் உதைத்த பந்து சண்டர்லாந்து அணியின் கோலுக்குள் போயிற்று. 1910இல் ஸ்காட்லாந்தில் தேர்டு லேனார்க், மதர்வெல் அணிகள் மோதிய ஒரே ஆட்டத்தில் இரு பக்கத்துக் கோல்காவலரும், பிரௌன்லியும் ஹாம்ப்டனும், ஆளுக்கொரு கோல் போட்டனர்! விதி செய்வோர் இதையெல்லாம் கண்டுகொண்டுதான் இருந்தனர்.

புகழும் குறும்பும்

ரூஸ் மருத்துவராக எண்ணி லண்டன் மாநகரின் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பயிலச் சென்றார். ஆயினும் பட்டம் பெறவேயில்லை. பந்து அவரை விடவில்லை! 1901இல் ஸ்டோக் அணியில் சேர்ந்தார். இடையே 1904–05இல் எவர்ட்டன் அணிக்கு ஆடினார். அவ்வாண்டு எவர்ட்டன் ஒரே ஒரு புள்ளி குறைவால் முதலிடத்தை நியூகாசிலிடம் இழந்தது. மீண்டும் ஸ்டோக். 1908இல் சண்டர்லாந்து. அவ்வாண்டு டிசம்பரில் சண்டர்லாந்து நியூகாசிலுக்கே சென்று அதனை 9–1 என்று வென்ற ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது; அன்று சண்டர்லாந்தின் கோலில் நின்றவர் ரூஸ்தான்.

அவர் சம்பளம் வாங்காத ஆட்டக்காரர். செலவுத் தொகை மட்டும் வாங்கலாம். அந்தச் செலவைப் பற்றித்தான் எத்தனை கதைகள்! வண்டியைத் தவறவிட்டுத் தனி ரயிலொன்றை அமர்த்திக்கொண்டு வந்து, கட்டணத்தைக் கழகத்தின் தலையில் கட்டினாராம். கணக்கைப் பைசா பைசாவாகக் காட்டு என்று கேட்டபோது, எதிரணியை விரட்டத் துப்பாக்கி என்றும், வேலையில்லாமல் நிற்கும்போது குளிருக்குக் கோட்டும் கையுறையும் என்றும், கழிப்பறைக்கு இருமுறை சென்றது என்றும் எழுதிக் கொடுத்தாராம். உண்மை எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று பிரிப்பது கடினம். ஆனால் ஒரு மனிதரைப் பற்றி இப்படிப்பட்ட கதைகள் கிளம்புகின்றன என்பதே அவர் எத்தகையவர் என்பதைக் காட்டவில்லையா?

1902 ஜனவரியில் ஸ்டோக் அணியினர் லிவர்பூலில் ஆடுமுன் உண்ட மீன் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில் ரூஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மைதானத்தை விட்டு ஓடினார். ஆட்டம் 7–0 என்று முடிந்தது. பழைய அணியான ஸ்டோக்கின் இரண்டாம் அணிக்கு எதிராக 1910இல் போர்ட் வேல் அணிக்கு ஆடப் போனபோதோ, பழைய ஸ்டோக் சட்டையையே அணிந்து வந்து நின்றார். சினங்கொண்ட கூட்டம் மைதானத்தில் புகுந்து அவரை ட்ரென்ட் ஆற்றில் வீசப் பார்த்தது!

குறும்பு சில வேளைகளில் எல்லை கடந்ததும் உண்டு. 1909இல் அயர்லாந்தோடு ஆடச் சென்றபோது கையில் கட்டுப்போட்டுக்கொண்டு வந்து, விரல் முறிந்துவிட்டதென்று எல்லோரையும் நம்பவைத்தார். ஆட்டம் தொடங்கியதும் கட்டு காணாமற் போயிற்று, வேல்ஸ் வென்றது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. ரூஸ் முனிவர் அல்லர். அவரை நேர்மையின் திருவுருவாக நிறுத்தி அதன் முன் நான் மண்டியிடுவதாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

ஆனால் இன்னொரு நிகழ்ச்சியையும் உடன் சொல்ல வேண்டும். 1910இல் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். கோப்பையின் அரையிறுதி. கிளைட் அணி அவருடைய கோலில் மூன்று முறை பந்தைச் செலுத்திவிட்டது. கோல் போட்டுவிட்டுத் திரும்பிய ஆட்டக்காரரின் பின்னே ரூஸ் ஓடினார். சண்டைக்கோ என்று கூட்டம் திகைத்தது. ஓடிப் பிடித்து அவர் கையைக் குலுக்கிப் பாராட்டிவிட்டு வந்து கோலில் நின்றார். தம்மைத் தோற்கடித்தவரைத் தேடிச் சென்று கைகொடுத்த அந்தக் காட்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

கோடு நகர்ந்தது

1910இல் நியூகாசிலோடு ஆடியபோது ரூஸின் மணிக்கட்டு முறிந்தது. அதன்பின் பழைய ரூஸ் திரும்பவில்லை. ஹடர்ஸ்பீல்டு, ஆஸ்டன் வில்லா, உல்விச் ஆர்சனல் என்று சில அணிகளுக்குச் சிற்சில ஆட்டங்கள் ஆடினார். 1911–12ஆம் ஆண்டுப் பருவத்தோடு பெரிய அணிகளில் அவர் ஆட்டம் முடிந்தது.

அதே 1912இல் விதி மாறியது. தண்டனைப் பெட்டி 1902 முதலே இன்றைய வடிவில் மைதானத்தில் இருந்தது. அது தண்டனை உதைக்காக ஏற்பட்டது. இனிக் கோல்காவலரும் அப்பெட்டிக்கு உள்ளே மட்டுமே பந்தைக் கையால் தொடலாம் என்று 1912இல் விதித்தனர். ரூஸ் ஒருவரால்தான் இது நேர்ந்தது என்று சொல்வது மிகையாகும். தேர்டு லேனார்க் ஆட்டத்தைப் போன்ற நிகழ்ச்சிகளும் இருந்தன. ஆயினும் இம்மாற்றத்தைப் பற்றிப் பேசுவோர் எவரும் முதலில் சொல்லும் பெயர் அவருடையதே. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள்! அவரைக் கட்டுவதற்காக நகர்த்திய கோடு வந்து சேர்ந்தபோது அவர் மைதானத்தில் இல்லை. அவருக்குப் பின் வந்த கோல்காவலர் யாவரும், பாறசாலையில் நின்ற நான் உட்பட, அந்தக் கோட்டுக்குள் நின்றோம்.

அன்று தொடங்கிய கதை இன்றும் முடியவில்லை. பந்தைத் திரும்பத் திரும்பக் கோல்காவலரிடமே உதைத்து நேரத்தைக் கடத்தியதால், தன் அணியினர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தைக் கையில் எடுக்கலாகாது என்று 1992இல் விதி வந்தது. கோல்காவலர் கையால் எறிந்த பந்து எவர் மேலும் படாமல் நேரே எதிர்க் கோலுக்குள் போனால் அது கோல் ஆகாது என்று 2019இல் ஆயிற்று. காலால் உதைத்துப் போட்டால் மட்டும் இன்றும் கோல்தான். பிரேசில் நாட்டு ரோஜேரியோ சேனி என்னும் கோல்காவலர் தனி உதையாலும் தண்டனை உதையாலும் நூற்றுக்கு மேற்பட்ட கோல்கள் போட்டார். கையில் எட்டு விநாடிக்கு மேல் பந்தை வைத்திருந்தால் எதிரணிக்கு மூலை உதை என்பது 2025இல் வந்தது. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் அதன் இடைவெளியைக் கண்டுகொண்ட ஒருவரோ பலரோ நிற்கின்றனர்.

போர்க்களத்தில்

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. ரூஸுக்கு அப்போது வயது 36. மருத்துவம் படித்தவராதலால் இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தார். பிரான்சிலும் கலிப்போலியிலும் காயம்பட்டோருக்குப் பணிசெய்தார். அங்கேயே இருந்திருந்தால் ஒருவேளை நீண்டநாள் வாழ்ந்திருக்கலாம். அவர் அங்கே நிற்கவில்லை. 1916இல் ராயல் பியூசிலியர்ஸ் என்னும் காலாட்படையின் 9ஆம் பிரிவில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து பிரான்சின் சோம் போர்முனைக்குச் சென்றார்.

பதுங்குகுழிக்கு வந்த புதிதிலேயே ஜெர்மானியர் தீப்பிழம்பு வீசும் கருவியால் தாக்கினர். உடை கருகியது, உடலிலும் தீக்காயம் பட்டது. மருத்துவ நிலையத்துக்குப் போகச் சொல்லியும் போகாமல், கை சோர்ந்து விழும்வரை கைக்குண்டுகளை எறிந்துகொண்டே நின்றார். பந்தை நெடுந்தூரம் எறிந்து பழகிய கையல்லவா அது! அந்த வீரத்துக்காக மிலிட்டரி மெடல் என்னும் பதக்கம் கிடைத்தது. லான்ஸ் கார்ப்பரலாக உயர்ந்தார். 1916ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள், சோம் போரில் கெடகோர் என்னும் சிற்றூருக்கு அருகே நடந்த தாக்குதலில் உயிர் துறந்தார். வயது 38. உடல் கிடைக்கவில்லை.

பெயரும் சரியாக நிலைக்கவில்லை. இராணுவ ஏடுகளில் அவர் பெயர் ஓர் எழுத்து மாறி, ரூஸ் என்பது ரவுஸ் என்று பதிவாகியிருந்தது. கல்லறை இல்லாத வீரர்களுக்காகத் தியெப்வால் என்னுமிடத்தில் எழுப்பிய நினைவுச் சின்னத்திலும் அந்தப் பிழைப் பெயரே பொறிக்கப்பட்டது. அவர் கலிப்போலியில் மாண்டதாகவே குடும்பத்தார் நெடுங்காலம் நினைத்திருந்தனர். ஆயிரமாயிரம் பேர் கூவி அழைத்த பெயருக்கு வந்த முடிவு இதுதான்.

என் கணக்கு

இந்த வாழ்க்கையை அறிந்த பின் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள ஒரு வாதம் கிடைத்ததாக முதலில் மகிழ்ந்தேன். நான் நின்ற இடம் 1911இல் குற்றமே அன்று! ரூஸ் அங்கே நின்று பிடித்திருந்தால் கைதட்டியிருப்பார்கள். ஒரு கோடு இங்கேயும் இருக்கலாம், அங்கேயும் இருக்கலாம், மனிதர் இழுத்ததுதானே? எல்லையில் வாழும் எனக்கு இந்த வாதம் இனித்தது. 1956இல் கோட்டைச் சற்றுத் தள்ளி இழுத்திருந்தால் எங்கள் வீடே வேறு மாநிலத்தில் இருந்திருக்குமே!

வாதம் நெடுநாள் நிற்கவில்லை. கோடு மனிதர் இழுத்ததுதான், நகர்த்தக் கூடியதுதான். ரூஸ் அதை நகர்த்தினார். ஆனால் எப்படி? பட்டப்பகலில், ஆயிரக்கணக்கானோர் பார்க்க, நடுவர் பார்க்க, மோத வருபவருக்குத் தோளைக் காட்டிக்கொண்டு நடுக்கோடு வரை ஓடி நகர்த்தினார். விதி தந்த இடம் முழுவதையும் எல்லார் கண்முன்னும் எடுத்துக்கொண்டார். அது பிடிக்காதவர்கள் கூடிப் பேசி விதியை மாற்றினார்கள். நானோ விதி தராத இடத்தை எவரும் பாராதபோது எடுத்துக்கொண்டேன். கேட்டபோது பொய்யிடம் காட்டினேன். என் செயலால் எந்த விதியும் மாறாது. யாருக்கும் தெரியாதே!

சென்ற விடுமுறையில் ஊர் போயிருந்தபோது, அன்று எதிர்க் கோலில் நின்றவரைத் தேடிப் போனேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இப்போது கடலுக்குப் போகிறார். கரையில் அமர்ந்து வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். கை நிற்கவில்லை, வலையின் கண்களைப் பின்னிக்கொண்டே கேட்டார். பிறகுதான் சொன்னார். அந்த ஒரு கோலுக்காக ஊரில் பல மாதம் அவரைக் கேலி செய்தார்களாம். மைதானத்தின் மறுகோடியிலிருந்து வந்த பந்தைத் தலைக்கு மேல் விட்டவன் என்றே பெயர் ஆயிற்றாம். அந்த ஆண்டோடு அவர் கோலில் நிற்பதை விட்டுவிட்டார்.

கோப்பை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போனது என்று மட்டுமே நான் அதுவரை கணக்கு வைத்திருந்தேன். ஒருவன் கோலை விட்டே போனான் என்பது என் கணக்கில் இல்லை. நான் கையை நீட்டினேன். அவர் வலையை மடியில் வைத்துவிட்டுக் கைகொடுத்தார். கோபமாகவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. இதை ஊரில் நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அன்று மாலையே எங்கள் அணித்தலைவரிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

நம் மன்றத்து மலரில் ரூஸின் வாழ்க்கையை எழுதித் தருகிறேன் என்று ஆசிரியர் குழுவிடம் ஏற்றுக்கொண்டபோதே, இதையும் சேர்த்து எழுதுவதென்று முடிவு செய்தேன். நம்முள் பந்தாடுவோர் பலர் இருக்கிறார்கள்; வாரந்தோறும் மாலையில் நாம் மோதிக்கொள்ளும் மைதானத்திலும் கோடு பாதி அழிந்துதான் கிடக்கிறது. கோடு தெரியாத இடத்தில் அதை அறிந்தவன் ஒருவன் உண்டு. பந்தைக் கையில் வைத்திருப்பவன்தான் அவன். அன்று நான் பந்தைப் பிடித்தது பெட்டிக்கு இரண்டடி வெளியே. அந்தக் கோல் கோல் அன்று.